வளைவுக்கு எத்தனை புள்ளி?

ட்ரேசிங் ஷீட்டில் மையால் போட்ட கோட்டை அழிக்க அரை பிளேடு வேண்டும். சவர பிளேடை நெடுக்கில் இரண்டாக ஒடித்து, ஒரு பாதியை விரல் நுனியில் லேசாக வளைத்துப் பிடித்துக்கொண்டு, கோட்டின் மேல் ஒரே திசையில் சுரண்ட வேண்டும். அழுத்தினால் தாள் கிழியும். அழுத்தாவிட்டால் மை போகாது. மை போன பிறகு அந்த இடத்தில் தாளின் நார் எழும்பி நிற்கும். அதன் மேல் அப்படியே பேனாவை வைத்தால் மை ஊறிப் பரவிவிடும். கட்டைவிரல் நகத்தின் முதுகால் தேய்த்துத் தேய்த்துத் தாளைப் படிய வைத்த பிறகுதான் புதுக் கோடு. ஒரே இடத்தை இரண்டு முறை சுரண்டலாம். மூன்றாவது முறை ஓட்டை விழும்.

1980-களின் நடுவில் சென்னையில் ஒரு லேண்ட்ஸ்கேப் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது இதைத்தான். கோடு போடுவதை பாலிடெக்னிக்கிலேயே படித்திருந்தேன். போட்ட கோட்டை எடுப்பதை அலுவலகத்தில்தான் படிக்க வேண்டியிருந்தது.

இன்று என் பக்கத்து மேசைப் பெண் அதே வேலையைச் செய்வதைப் பார்க்கிறேன். திரையில் புல்வெளியின் விளிம்பை ஒருமுறை தொடுகிறார். விளிம்பு நெடுக நீலச் சதுரங்கள் முளைக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பிடித்து இழுக்கிறார். விளிம்பு கூடவே வருகிறது. உள்ளே நிரப்பிய பச்சையும் வருகிறது. புல்வெளியின் பரப்பு 412 சதுர மீட்டரிலிருந்து 405 ஆகிவிட்டது என்று ஓரத்துக் கட்டத்தில் எண் மாறுகிறது. பிடிக்கவில்லையென்றால் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், எல்லாம் பழையபடி.

இதைப் பற்றிப் பேசும்போது என் வயதுக்காரர்கள் பலருக்குக் குரல் கம்மிவிடுகிறது. கைவேலை போய்விட்டது, பொறுமை போய்விட்டது, ஒரு கோட்டைப் போடும் முன் பத்து தரம் யோசித்த காலம் போய்விட்டது என்கிறார்கள். எனக்கு அந்த வருத்தம் கிடையாது. கோட்டை நகர்த்துவது கடினமாக இருந்த காலத்தில் அதற்கான விலையை நாங்கள் கொடுக்கவில்லை. மரங்கள் கொடுத்தன.

நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய வளாகம். நுழைவாயிலிலிருந்து முதன்மைக் கட்டடம் வரை வளைந்து போகும் பாதையை 1:200 அளவில் வரைந்திருந்தோம். அப்போதெல்லாம் சர்வே தாளில் மரம் என்றால் ஒரு புள்ளி, பக்கத்தில் சுற்றளவு, அவ்வளவுதான். அந்தச் சர்வேயில் ஒரு நாவல் மரம் விடுபட்டிருந்தது. வேலை தொடங்கி, பாதையைத் தரையில் சுண்ணாம்புப் பொடியால் குறித்தபோதுதான் மரம் பாதையின் நடுவில் நிற்பது தெரிந்தது. இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம். மேஸ்திரி அலுவலகத்துக்கே வந்து கேட்டார்: “ரோட்டக் கொஞ்சம் ஒதுக்கிப் போட்டுட்டா மரம் நிக்கும் சார். ஒரு ரெண்டு மீட்டர் போதும்.”

1:200 தாளில் இரண்டு மீட்டர் என்பது ஒரு சென்டிமீட்டர். அந்த ஒரு சென்டிமீட்டரை நகர்த்தினால் பாதையின் இரண்டு விளிம்புகளும் நகர வேண்டும். விளிம்பை ஒட்டிய புல்வெளி, வேலிச் செடி வரிசை, விளக்குக் கம்பம், மழைநீர் வாய்க்கால் எல்லாம் நகர வேண்டும். அவை ஒரே தாளிலும் இல்லை. பாதைக்கு ஒரு தாள், நடவுக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று, வடிகாலுக்கு ஒன்று, தரைமட்டத்துக்கு ஒன்று என்று ஐந்து தாள். ஐந்திலும் மை ஏறியாகிவிட்டது. அம்மோனியா பிரிண்ட் எடுத்து ஒப்பந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தும் ஆகிவிட்டது. மேலிடத்திலிருந்து வந்த பதில், மரத்தை எடுத்துவிடலாம் என்பதுதான். எடுத்தார்கள். கொடுமைக்காரர்கள் யாரும் எடுத்த முடிவல்ல அது. செடிகொடிகளை நேசித்தவர்கள்தான் எடுத்தார்கள். ஐந்து தாளைச் சுரண்டுவதைவிட ஒரு மரத்தை வெட்டுவது சுலபமாக இருந்தது.

அதனால்தான் திரையில் அந்த நீலச் சதுரம் நகர்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிறைவாக இருக்கிறது. இன்றைக்கு டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவியை வைத்து ஒவ்வொரு மரத்தையும் அளக்கிறார்கள். அடிமரம் ஒரு வட்டம், கிளை விரிவு ஒரு வட்டம். நாங்கள் அதோடு நிற்பதில்லை. கிளை விரிவுக்கு வெளியிலும் வேர் ஓடும் என்பதால் இன்னும் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் பள்ளம் தோண்டக் கூடாது, மண் கொட்டி மேடாக்கக் கூடாது, லாரி நிறுத்தக் கூடாது என்று எழுதிவிடுகிறோம். மண் இறுகினால் வேருக்குக் காற்றும் நீரும் போகாது. அடிமரத்தைச் சுற்றி ஓரடி மண் ஏற்றினால்கூடப் பட்டை அழுகி மரம் மெல்லச் சாகும். பாதை அந்த வட்டத்துக்குள் போனால் விளிம்பைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டியதுதான். வடிகால் தாளும் மின்சாரத் தாளும் அதே கோட்டைப் பார்த்து வரைந்தவை என்பதால், எங்கெங்கே இடிக்கிறது என்று அந்தந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

வடிவத்தை மாற்றிப் பார்க்கும் ஆசை கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் தோட்டங்கள் வடிவமைத்த ஹம்ஃப்ரி ரெப்டன், வாடிக்கையாளர்கள் பலருக்கும் சிவப்பு அட்டை போட்ட ஒரு புத்தகம் தயாரித்துக் கொடுப்பார். உள்ளே வாட்டர்கலர் ஓவியம். அதன் ஒரு பகுதியை ஒரு துண்டுத் தாள் மூடியிருக்கும். மூடியிருந்தால் நிலம் இப்போது எப்படி இருக்கிறது என்று தெரியும். தூக்கினால் ரெப்டன் கைவைத்த பிறகு எப்படி இருக்கும் என்று தெரியும். ஏரியின் கரை வளைந்துவிடும், மறைத்து நின்ற புதர் காணாமல் போய்விடும். அழகான ஏற்பாடு. ஆனால் மாற்றிப் பார்க்க ஒரே ஒரு வாய்ப்புத்தான்.

திரையில் ஒரு புள்ளியைப் பிடித்து இழுத்தால் கோடு கூடவே வரும் என்பதை உலகுக்குக் காட்டியவர் இவான் சதர்லேண்ட். 1963-இல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்காக அவர் செய்த ஸ்கெட்ச்பேடில், ஒளிப் பேனாவைத் திரையில் வைத்து வரையலாம். இரண்டு கோடுகள் எப்போதும் இணையாக இருக்கட்டும் என்று கட்டளையிடலாம். பிறகு எதை இழுத்தாலும் அவை இணையாகவே இருக்கும். ஒரு மூல வடிவத்தைத் திருத்தினால் அதன் நகல்கள் எல்லாம் தாமாகத் திருந்தும். இந்தக் கடைசி வசதியின் அருமை எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். தென்னைக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப், வேம்புக்கு ஒரு ஸ்டாம்ப் என்று வைத்துக்கொண்டு ஒரு தாளில் முந்நூறு மரங்களைக் குத்தியவர்கள் நாங்கள். வேம்பு வேண்டாம், மகிழம் போதும் என்று வாடிக்கையாளர் சொல்லிவிட்டால் குத்திய வேம்பையெல்லாம் சுரண்ட வேண்டும்.

ஆட்டோகேட் 1982 டிசம்பரில் வெளிவந்தது. எங்கள் அலுவலகத்துக்கு அது வந்தது 1990-களின் தொடக்கத்தில். ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஏ.சி. போட்ட ஒரே அறை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பாலிலைன் என்ற தொடர்கோட்டின் வடிவத்தைத் திருத்துவதற்கென்று அதில் ஒரு கட்டளை உண்டு. கொடுத்தால் கோட்டின் முதல் புள்ளியில் ஒரு பெருக்கல் குறி வந்து நிற்கும். அடுத்த புள்ளிக்குப் போக ஒரு எழுத்தைத் தட்டி என்டர். அதற்கடுத்த புள்ளிக்கு இன்னொரு என்டர். நாற்பதாவது புள்ளியை நகர்த்த வேண்டுமென்றால் முப்பத்தொன்பது தட்டு. தவறிப்போய் அதைத் தாண்டிவிட்டால் பின்னோக்கி வர வேறொரு எழுத்து. பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனாலும் பிளேடு பிடித்த கைக்கு அது விடுதலையாக இருந்தது. தாளில் ஓட்டை விழாது. 1992-இல் வந்த 12-ஆம் பதிப்பில்தான் கோட்டைத் தொட்டவுடன் எல்லாப் புள்ளிகளிலும் சதுரங்கள் தோன்றி, வேண்டியதை நேரே பிடித்து இழுக்கலாம் என்றானது. அன்றைக்குத்தான் கம்ப்யூட்டரில் வரைவது எனக்கு உண்மையாகவே பிடித்துப்போனது.

இனி சொல்லப் போவதுதான் இந்த வேலையின் உயிர். வளைந்த கோட்டைக் கம்ப்யூட்டர் எப்படிப் பிடித்துவைத்திருக்கிறது என்று தெரியாமல் அதைத் திருத்தக் கூடாது.

கப்பல் கட்டும் இடங்களில் நீண்ட வளைவு வரைய மெல்லிய மரச் சட்டம் ஒன்றைப் பயன்படுத்துவார்கள். அதை வளைத்து, அங்கங்கே ஈயக் கட்டிகளை வைத்து நிறுத்துவார்கள். கட்டி இருக்கும் இடத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் சட்டம் தன் போக்கில் வளையும். எந்த மரச் சட்டமும் தேவைக்கு மேல் ஒரு துளி வளையாது. அதனால் கோடு எங்கும் முறியாமல் ஓடும். 1946-இல் ஐசக் ஷோன்பெர்க் இந்த வகைக் கோட்டுக்குக் கணக்கு எழுதினார். 1959-இல் சிட்ரோயன் கார் நிறுவனத்தில் பால் தெ காஸ்தெல்ஜோ, அதையடுத்து ரெனோவில் பியர் பெசியே, கார் உடம்பின் வளைவுகளுக்காகத் தனித்தனியே இன்னொரு வழி கண்டார்கள். சிட்ரோயன் தன்னுடையதை வெளியே சொல்லவில்லை என்பதால் பெசியே பெயரே நிலைத்தது. அந்த வழியில் கோட்டுக்கு வெளியே நிற்கும் புள்ளிகள் கோட்டைத் தம் பக்கம் இழுக்கின்றன. தொடாமலே இழுக்கும்.

இன்றைய லேண்ட்ஸ்கேப் மென்பொருள்களில் இவை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கின்றன. வெக்டர்வொர்க்ஸில் ஒரே கோட்டின் ஒரு புள்ளியை முனை ஆக்கலாம், அடுத்ததைப் பெசியே ஆக்கலாம், அதற்கடுத்ததைச் சட்டம் போல வளையும் புள்ளி ஆக்கலாம், இன்னொன்றை வட்ட வில் ஆக்கலாம். புள்ளியைச் சேர்க்கலாம், நீக்கலாம். நான்கு வகைப் புள்ளிகளும் திரையில் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். தரைக்கு வந்தால் ஒரே மாதிரி இருக்காது.

புதிதாக வருகிறவர்கள் செய்வது எப்போதும் ஒன்றுதான். கையால் போட்ட ஸ்கெட்ச்சை ஸ்கேன் செய்து அடியில் வைத்துக்கொண்டு, அதன் மேல் சொடுக்கிக்கொண்டே போவார்கள். முப்பது மீட்டர் நீள விளிம்புக்கு அறுபது புள்ளி விழும். அரை மீட்டருக்கு ஒன்று. ஒவ்வொரு சொடுக்கிலும் கை ஒரு விரற்கடை உள்ளே, ஒரு விரற்கடை வெளியே போகும். திரையில் தூரத்திலிருந்து பார்க்கும்போது கோடு வழவழப்பாகத்தான் இருக்கும். நெருங்கிப் பார்த்தால் நெளிந்துகொண்டே போகும். அந்த நெளிவு யாருடைய எண்ணமும் அல்ல, மணிக்கட்டின் நடுக்கம். அதைக் கல்லில் கட்டினால் ஐம்பது வருடம் நிற்கும்.

அவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இந்த வளைவுக்கு எத்தனை புள்ளி வேண்டும்? கோடு எங்கே பக்கம் மாறுகிறதோ அங்கே ஒன்று. எங்கே அதிகமாக வயிறு தள்ளுகிறதோ அங்கே ஒன்று. தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. முப்பது மீட்டர் விளிம்புக்கு ஏழெட்டுக்கு மேல் தேவைப்படுவது அபூர்வம். மற்ற எல்லாவற்றையும் நீக்கச் சொல்கிறேன். நீக்க நீக்கக் கோடு தெளிந்துகொண்டே வரும். ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கும்போது, எந்தப் புள்ளி போனால் வடிவம் கெடுகிறதோ அதுதான் உண்மையான புள்ளி.

பிரேசிலின் ரொபெர்டோ புர்லே மார்க்ஸ் தோட்டங்களின் திட்டப் படங்களை இந்தக் கண்ணோடு பார்க்கச் சொல்வேன். ஓவியரான அவர் 1938-இல் ரியோ டி ஜெனிரோவில் கல்வி அமைச்சகக் கட்டடத்தின் மாடித் தோட்டத்துக்குத் தீட்டிய படம், ஓவியமாகவே சுவரில் மாட்டலாம். பெரிய பெரிய வடிவங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே செடி. வளைவு என்றால் நெளிவு அல்ல என்பதை வேறு யாரும் இவ்வளவு தைரியமாகச் சொன்னதில்லை என்பது என் எண்ணம். அந்த வடிவங்களைத் திரையில் எடுத்துப் போட்டால் மிகக் குறைந்த புள்ளிகளில் நிற்கும்.

திரையில் தெரியாத கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். அரை மீட்டர் நீளமும் 15 செ.மீ. அகலமும் உள்ள நேர்க் கர்ப் கல்லை இரண்டு மீட்டர் ஆரமுள்ள வளைவில் வைத்தால், கற்கள் உள்பக்கம் முட்டிக்கொள்ளும். வெளிப்பக்கம் ஒவ்வொரு இணைப்பிலும் ஏறக்குறைய நான்கு செ.மீ. வாய் பிளக்கும். அந்தப் பிளவில் கலவை அடைத்தால் இரண்டு மழைக்குப் பிறகு பெயரும். ஆரத்தை எட்டு மீட்டர் ஆக்கினால் பிளவு ஒரு செ.மீ.க்குள் அடங்கிவிடும். இல்லையென்றால் கல்லைக் குட்டையாக அறுத்து வைக்க வேண்டும், அதற்குக் கூலி வேறு. புல்வெட்டும் இயந்திரமும் அப்படித்தான், குறுகலான மடிப்புக்குள் திரும்பாது. அங்கே புல் எப்போதும் முழங்கால் உயரம் நிற்கும். ஸ்பிரிங்ளர் வட்டமாகத்தான் தண்ணீர் வீசும். விளிம்பை நினைத்தபடி நெளித்துவிட்டால், பாதி நீர் பாதையில் போகிறவர்கள் மேல் விழும். ஒரு புள்ளியை இழுக்கும்போது இவ்வளவும் சேர்ந்து நகர்கிறது.

எனக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒரு விதி வைத்திருந்தார். கல்லுக்குக் காம்பஸ், செடிக்கு பிரெஞ்சு கர்வ். பாதை விளிம்பு, குளக்கரை, படிக்கட்டு என்று கொத்தனார் கட்டப்போகிற எதையும் பிரெஞ்சு கர்வ் என்ற வளைவுத் தகட்டை வைத்து வரையவிடமாட்டார். காம்பஸ் எட்டாத பெரிய வளைவுக்கு நீளச் சட்டத்தில் ஊசியையும் பேனாவையும் மாட்டி வரைய வைப்பார். செடிப் பாத்தியின் உள்விளிம்பைத்தான் எப்படி வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ளலாம், இட்லிப்பூ புதரும் அரளியும் வளர்ந்து தாங்களே அதைத் திருத்திக்கொள்ளும் என்பார். அப்போது அது அதிகப்படியான கண்டிப்பாகத் தெரிந்தது. ஒருநாள் சைட்டில் மேஸ்திரியோடு நின்றபோது அதன் நியாயம் விளங்கியது. அவர் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, இதுக்கு நடு எங்க வருது? நடுவச் சொல்லுங்க, முளையடிச்சு கயித்தப் போட்டு ஒரே சுத்தா சுத்திடறேன்.”

வட்ட வில்லுக்கு நடு உண்டு. முளைக்குச்சி ஒன்று, கயிறு ஒன்று, கயிற்றின் மறுமுனையில் சுண்ணாம்புப் பொடி, வேலை முடிந்தது. பிரெஞ்சு கர்வில் வரைந்த கோட்டுக்கு நடு கிடையாது. திரையில் பெசியே புள்ளிகளை இழுத்து வரைந்த கோட்டுக்கும் கிடையாது. இப்போது அத்தகைய கோட்டைத் தரைக்குக் கொண்டுவர, அரை மீட்டருக்கு ஒரு புள்ளியாக ஆயங்களைப் பட்டியல் போட்டு சர்வேயரிடம் கொடுக்கிறார்கள். அவர் ஒவ்வொன்றையும் தேடித் தேடி ஆணி அடிக்கிறார். ஆணிகளுக்கு நடுவில் கொத்தனார் கண்போக்கில் சேர்க்கிறார். ஒரு ஆணியை யாராவது காலால் தட்டிவிட்டால் அந்த இடத்தில் கோடு முறியும், முறிந்ததென்று யாருக்கும் தெரியாது. கயிற்றில் அந்த ஆபத்து இல்லை.

ஆகவே பழைய விதியை நான் திரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். கட்டப்போகிற விளிம்பு எதுவானாலும் வட்ட வில்களால் ஆன பாலிலைன். செடிக்கு வேண்டுமானால் பெசியே. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பாலிலைனில் ஒரு வில்லை மென்பொருள் வில்லாகவே வைத்திருப்பதில்லை. இரண்டு புள்ளிகளையும், அவற்றுக்கு நடுவில் கோடு எவ்வளவு புடைத்திருக்கிறது என்ற ஒரே ஒரு எண்ணையும்தான் வைத்திருக்கிறது. எண் பூஜ்யம் என்றால் நேர்க்கோடு, ஒன்று என்றால் அரைவட்டம். ஒரு புள்ளியைப் பிடித்து இழுக்கும்போது புள்ளி நகர்கிறது, புடைப்பு எண் அப்படியே இருக்கிறது. விளைவு, அந்தப் பக்கத்து வில்லும் இந்தப் பக்கத்து வில்லும் சேரும் இடத்தில், முன்பு வழுக்கிக்கொண்டு போன கோட்டில் இப்போது ஒரு சிறு முறிவு விழுந்துவிடும். திரையில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. கர்ப் கல் வைத்து வெயில் சாய்வாக விழும்போது பளிச்சென்று தெரியும்.

சரியான சேர்க்கைக்கு ஒரே சோதனைதான். இரண்டு வில்களின் மையங்களும் அவை சேரும் புள்ளியும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். காம்பஸ் காலத்தில் இதைப் பென்சிலால் கோடு இழுத்துப் பார்ப்போம். இன்று கம்ப்யூட்டரிடமே, நான் எதை இழுத்தாலும் இந்த இரண்டும் முறியாமல் சேர்ந்தே இருக்கட்டும் என்று சொல்லிவைக்கலாம். சதர்லேண்ட் 1963-இலேயே காட்டிய வகை வசதி இது. ஆட்டோகேடுக்கு அது வந்து சேர்ந்தது 2010 பதிப்பில். இத்தனை வருடம் ஏன் ஆயிற்று என்று எனக்கு ஆதங்கம் உண்டு. அதைவிடப் பெரிய ஆதங்கம், வந்த பிறகும் எங்கள் தொழிலில் பலர் அதைத் தொடுவதில்லை என்பது.

ஸ்கெட்ச்அப்பில் வரைகிறவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. 2000-இல் வந்த அந்த மென்பொருள், வாடிக்கையாளருக்கு முப்பரிமாணத்தில் காட்டுவதற்குக் கிடைத்த வரம். ஆனால் அதில் வட்டம் வட்டமல்ல. நாம் மாற்றாவிட்டால் 24 பக்கமுள்ள பலகோணம். 12 மீட்டர் ஆரத்தில் ஒரு புல்வெளி போட்டால் ஒவ்வொரு பக்கமும் மூன்று மீட்டருக்கு மேல் நீளும் நேர்க்கோடு, நடுவில் உண்மையான வட்டத்தைவிட 10 செ.மீ. உள்ளே நிற்கும். அங்கிருந்து அப்படியே அளவெடுத்துச் சைட்டுக்கு அனுப்பினால், முனை முனையாகக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். வரைந்தபடிதானே கட்டினோம் என்பார்கள், அது நியாயமும்கூட.

ஆனால் அதே ஸ்கெட்ச்அப் எங்கள் காலத்தில் இல்லாத ஒன்றைக் கொடுக்கிறது. திட்டப் படம் பறவை பார்ப்பது போல மேலிருந்து பார்ப்பது. தோட்டத்தில் நடக்கிறவர் கண்ணோ தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது நீளவாட்டு தூரம் எல்லாம் சுருங்கிவிடும். படத்தில் மென்மையாகத் தெரிந்த வளைவு, நடந்து போகும்போது சட்சட்டென்று திரும்புவதாகத் தெரியும். இது தெரிந்த பழைய மேஸ்திரிகள் மார்க்கிங் முடிந்ததும் கோட்டின் ஒரு முனையில் குப்புறப் படுத்து, கன்னம் மண்ணில் படும்படி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுகப் பார்ப்பார்கள். “அஞ்சாவது குச்சி ஒரு ஜான் உள்ள வாங்கு” என்று படுத்தபடியே சத்தம் வரும். நகர்த்தியதும் கோடு சீராகிவிடும். படத்தில் இருந்ததைவிட நன்றாகவே இருக்கும். அந்த ஒரு ஜான் எந்தப் படத்திலும் ஏறவில்லை, அடுத்த தோட்டத்துக்கு வந்து சேரவும் இல்லை. இப்போது திரையிலேயே கண் உயரத்தில் காமிராவை நிறுத்தி, நடந்து பார்த்து, புள்ளியை அங்கேயே நகர்த்தி, நகர்த்தியதைப் படத்திலும் பார்க்க முடிகிறது. படுத்துப் பார்க்கும் வேலையை மேஸ்திரியோடு விட்டுவிடாமல் நாங்களும் கற்றுக்கொள்ள ஒரு வழி கிடைத்திருக்கிறது.

இப்போது எங்கள் மேசையில் இருப்பது ஒரு பள்ளிக்கூடத் தோட்டம். சுற்றுச்சுவர் ஓரம் வரிசையாக வேம்பு, மூலையில் ஒரு பூவரசு. மழைநீர் தங்குவதற்கு ஒரு ஆழமில்லாத குளம், அதைச் சுற்றிக் குழந்தைகள் நடக்க ஒரு பாதை. பாதை முதலில் பூவரசின் வேர் வட்டத்துக்குள் புகுந்திருந்தது. பக்கத்து மேசைப் பெண் அதை வெளியே இழுத்தார். இழுத்ததில் இரண்டு சேர்க்கைகள் முறிந்தன. திருத்தி, மறுபடி மையங்களைக் குறித்தார். வெளிவிளிம்பு மொத்தம் ஐந்து வில். நான்கின் மையம் பள்ளி நிலத்துக்குள்ளேயே விழுகிறது. ஐந்தாவதின் ஆரம் 20 மீட்டர், அதன் மையம் சுற்றுச்சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையில் போய் விழுகிறது. அங்கே முளையடிக்க முடியாது.

“இதுக்கு என்ன மேடம் பண்றது?” என்றார். நாணும் உயரமும் கொடுத்துவிடலாம் என்றேன். வில்லின் இரண்டு முனைகளுக்கு நடுவில் 12 மீட்டருக்கு நூலைக் கட்டு. நடுவில் நூலிலிருந்து 92 செ.மீ. வெளியே ஒரு குச்சி. அங்கிருந்து இரண்டு பக்கமும் மீட்டருக்கு ஒன்றாக 90, 82, 69, 52, 29. முனையில் பூஜ்யம். படத்தின் ஓரத்தில் அந்த எண்களைப் பெரிய எழுத்தில் அட்டவணையாகப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை மார்க்கிங். அவரும் சைட்டுக்கு வருகிறார். சுண்ணாம்புப் பொடி இரண்டு மூட்டை சொல்லியாகிவிட்டது.